கரையான் வீட்டு ஒறம்பரை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் பேச்சு முழங்காலில் ஆரம்பிக்கும். அங்கிருந்து சர்க்கரைக்குப் போகும். சர்க்கரையிலிருந்து நேராக மருமகளுக்குப் போய்விடும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான், குறை சொல்ல வரவில்லை. இன்றைக்கு மட்டும் ஒரு பூச்சியைப் பற்றிப் பேசிக்கொள்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் மகள் தன் போனில் ஒரு படம் காட்டினாள். கரையான் புற்றுக்குள் குடியிருக்கும் வண்டு. கரையானாகப் பிறக்காத ஒன்று, கரையான் கூட்டத்தின் நடுவிலேயே வாழ்கிறது. கரையான்கள் அதை நக்கிக் கொடுக்கின்றன, வாயோடு வாய் வைத்து ஊட்டுகின்றன. அதன் வயிறு வெளுத்து ஊதி, முதுகுப் பக்கமாக மடிந்து கிடக்கிறது. எட்ட நின்று பார்த்தால் அதுவும் ஒரு கரையான் போலத்தான் தெரியும். அப்படி ஊட்டி வளர்ப்பவர்களின் குஞ்சுகளையே தின்கிற வண்டுகளும் உண்டாம்.

"அய்யே, பாருங்கம்மா, எப்படி இருக்குது" என்று மகள் முகத்தைச் சுளித்தாள்.

நான் சுளிக்கவில்லை. எனக்கு அது பழகிய முகம். எட்டாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவள் நான். அதன் பெயர் அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் வாயில் நுழையவில்லை. ஆனால் ஒரு கோடை முழுக்க அதோடு இருந்திருக்கிறேன்.

அந்த வருஷம் தைப்பூசம் முடிந்த கொஞ்ச நாளில் அம்மா காய்ச்சலில் போய்விட்டார். எனக்கு ஏழு வயது இருக்கும், இன்னும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. அப்பாவுக்கு மதுக்கரையில் சிமெண்ட் ஆலையில் வேலை. லைன் வீடு, ஒரே அறை. வேலை முடிந்து வரும்போது அப்பாவின் இமையில்கூட வெள்ளைத் தூசி படிந்திருக்கும். அம்மா இருந்தவரை, "தல தொவட்டிப்போட்டு உள்ள வாங்க, பிசாசாட்டப் பயமுறுத்தாதீங்க" என்று வாசலிலேயே நிறுத்துவார். அம்மா போன பிறகு அப்பா அந்தத் தூசியோடு உள்ளே வந்து உட்கார்ந்தார். யாரும் நிறுத்தவில்லை.

எழவுக்கு வந்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். "அழுதுரு கண்ணு, உள்ள வெச்சுக்காத" என்று ஒரு அம்மா என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். அந்தத் தட்டல் இன்றும் நினைவிருக்கிறது. அழுகை மட்டும் வரவில்லை. உள்ளே எதையும் வைத்துக்கொண்டதாகவும் தோன்றவில்லை. காலை மடித்து வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தால் கால் இருக்கும், ஆனால் நம்முடையதாக இருக்காது அல்லவா, அப்படித்தான் நான் முழுக்க இருந்தேன்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, தாராபுரத்துப் பக்கம் தோட்டத்தில் இருந்தார். காரியம் முடிந்த மறுநாள் அத்தை என் துணிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு, "பள்ளிக்கூடம் தொறக்கற வரைக்கும் புள்ள எங்கூட இருக்கட்டும் சாமி" என்றார். அப்பா தலையாட்டினார். டவுன் பஸ்ஸில் காந்திபுரம் வந்து, அங்கிருந்து தாராபுரம் பஸ். வழியெல்லாம் அத்தை எனக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்துக்கொண்டே வந்தார். முறுக்கு, ஆரஞ்சு மிட்டாய், பல்லடத்தில் ஒரு சோடா. கொடுத்ததையெல்லாம் வாங்கி வாயில் போட்டேன்.

அத்தைக்கும் மாமாவுக்கும் பிள்ளை இல்லை. தோட்டத்து நடுவில் ஓட்டு வீடு, சுற்றிலும் கிளுவை வேலி, ஒரு கட்டுத்தரை, எருமைகள், எண்ணி மாளாத கோழிகள். பேச்சை ஆரம்பிக்கிறவர் யாராக இருந்தாலும் அத்தை "உண்டுபோட்டுப் பேசு" என்பார். சண்டைக்கு வந்தவரிடமும் அதைத்தான் சொல்வார். எனக்குக் காலையில் சந்தவை, வெயில் ஏறினால் கம்மஞ்சோறும் மோரும், பொழுதோடு கொள்ளுப்பருப்புச் சோறு. வட்டிலில் போட்டுக் கொடுத்தால் நான் அளைந்துகொண்டே இருப்பேன் என்று அத்தையே உருட்டி உருட்டி ஊட்டுவார். வாயைத் திறந்தால் சோறு வரும். சில நாளில் எனக்குக் கன்னம் உப்பி, வயிறு முன்னால் வந்துவிட்டது.

"பாத்தீங்களா, வந்தப்ப எப்படி இருந்தா, இப்ப எப்படி இருக்கறா" என்று அத்தை மாமாவிடம் காட்டுவார்.

மாமா ஒரு மாதிரி மனிதர். மனிதர்களுக்குக் கொடுக்கிற மரியாதையை எல்லாவற்றுக்கும் கொடுப்பார். எருமையிடம் "கொஞ்சம் நவுருங்க" என்பார். கிணற்று மோட்டாரிடம் "இன்னைக்கு ஓடுவீங்களா, இல்லீங்களா?" என்று கேட்பார். அத்தைக்கு இது பிடிக்காது. "ஊரே சிரிக்குது" என்பார். "சிரிக்கறவங்க சிரிக்கட்டுங்க" என்பார் மாமா. அதிலும் ஒரு ங்க.

கோழிக்குஞ்சுகளுக்குக் கரையான் பிடிக்கிற வேலை எனக்கு வந்தது. உங்களில் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஓட்டைச் சட்டி ஒன்றை எடுத்து, உள்ளே கிழிந்த சாக்கும் காய்ந்த சாணியும் தென்னை மட்டைத் தும்பும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் ஊர்கிற இடமாகப் பார்த்துக் கவிழ்த்து வைக்க வேண்டும். பொழுதோடு கவிழ்த்தால் விடிந்ததும் சட்டிக்குள் கரையான் நெருநெருவென்று இருக்கும். அதை அப்படியே முறத்தில் தட்டினால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மிதித்துக்கொண்டு கொத்தும். இப்போது இதையே புதுக் கண்டுபிடிப்பு மாதிரி போனில் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

எனக்கு அந்த வேலை ஒத்துப்போனது. சட்டியைத் தூக்கியதும் வெளிச்சம் பட்டுக் கரையான்கள் கலையும். அந்த ஈர மண் வாசம், சாணி வாசம். பேச வேண்டியதில்லை. யாரும் முதுகைத் தட்ட மாட்டார்கள்.

சித்திரையில் ஒரு நாள் கட்டுத்தரைக்குப் பின்னால் சோளத்தட்டுப் போரின் அடியில் புற்று எழுந்திருப்பதை மாமா பார்த்துவிட்டார். போரின் அடித்தட்டுகள் மண்ணாகிக்கொண்டிருந்தன. பாம்புப் புற்றாக இருந்தால் தொடமாட்டார்கள். இது முழங்கால் உயரம்கூட இல்லை, கண் எதுவும் இல்லை. ஆனாலும் அத்தை ஒரு கற்பூரம் கொளுத்தி வைத்தார். மாமா கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போய் நின்று, "ஏனுங்க, உள்ள இருக்கறவங்க கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றார்.

"கரையானுக்குமா?" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார்.

"அவுங்க ஊட்டத்தான இடிக்கறம். சொல்லாம இடிக்கலாமா?"

மேல் மண் பேர்ந்ததும் உள்ளே அறை அறையாக இருந்தது. ஒவ்வொரு அறையிலும் பஞ்சு போன்ற ஒரு கூடு. சாம்பல் நிறம், தொட்டால் மெத்தென்று இருக்கும், மடிப்பு மடிப்பாக, ஊடே ஜவ்வரிசி தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். அதன் மேல் கரையான்கள் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தன. அத்தை அந்தக் கூடுகளை அள்ளி அள்ளிக் குஞ்சுகளுக்குப் போட்டார்.

ஒரு கூட்டை என் கையில் எடுத்தபோதுதான் அதைப் பார்த்தேன். அரிசிக் குருணை அளவு. வெளுத்த வயிறு, ஆனால் தலை மட்டும் வேறு மாதிரி. வாலைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு, அத்தனை பேர் ஓடும்போது அது மட்டும் நிதானமாக நடந்தது. இரண்டு கரையான்கள் தங்கள் ஓட்டத்தை விட்டுவிட்டுத் திரும்பி வந்தன. ஒன்று அதைத் தொட்டுப் பார்த்தது. இன்னொன்று பின்னாலிருந்து நெட்டியது. நெட்டி நெட்டி அதை ஒரு மடிப்புக்குள் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகுதான் தாங்கள் உள்ளே போயின. வெளியே கிடந்த சொந்தக் குஞ்சுகள் அப்படியே கிடந்தன.

அந்தக் கூட்டை நான் கோழிக்குப் போடவில்லை. ஒரு கொட்டாங்குச்சியில் வைத்து, ஈரச் சாக்கால் மூடி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிழலில் கொண்டுபோய் வைத்தேன்.

அதற்கப்புறம் அந்தக் கோடையில் நான் செய்ததெல்லாம் அதைப் பார்த்ததுதான். சாக்கை மெல்ல விலக்கினால் வண்டு ஏதாவது ஒரு கரையானின் முன்னால் போய்த் தலையைத் தூக்கி நிற்கும். கரையான் குனிந்து வாய்க்குள் எதையோ கொடுக்கும். பிறகு வண்டின் வயிற்றை நக்கும். வண்டு அசையாமல் நிற்கும். சந்தோஷமா, சலிப்பா, ஒன்றும் தெரியாது. ஊட்டினால் தின்னும், நக்கினால் நிற்கும். பார்க்கப் பார்க்க நேரம் போகும். கூடு காய்ந்தால் தண்ணீர் தெளிப்பேன். கரையான் குறைந்தால் போரடியில் மிச்சமிருந்த புற்றிலிருந்து கொஞ்சம் கொண்டுவந்து சேர்ப்பேன்.

மாமா ஒருநாள் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவுங்க இந்த ஊட்டு ஆளில்லீங்களே. ஒறம்பரையாட்ட இருக்குது" என்றார். எங்கள் பக்கம் வீட்டுக்கு வருகிற உறவுக்கும் விருந்தாளிக்கும் சேர்த்து ஒறம்பரை என்றுதான் சொல்வோம். அன்றிலிருந்து அவர் காலையில் எழுந்ததும், "ஒறம்பரை நல்லா இருக்கறாங்களா?" என்று விசாரிப்பார். "இருக்கறாங்க" என்பேன். அத்தை அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

பக்கத்துத் தோட்டத்துக்காரம்மா மோர் வாங்க வருவார். வாயில் வெற்றிலை இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. கதை எங்கிருந்து ஆரம்பித்தாலும் என்னிடம்தான் வந்து முடியும்.

"ஏ அம்மிணி, உங்கொப்பன் புதுசா ஒரு சித்தியக் கூட்டியாந்தா என்ன பண்ணுவ?"

நான் சாக்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"கேக்குதா பாரு காதுல! வெளையாட்டு ஒண்ணு கெடைச்சா போதும் இந்தப் புள்ளைகளுக்கு" என்று சிரிப்பார்.

"வெளையாடட்டும், வெளையாடட்டும். புள்ள தெளிஞ்சுருச்சு. மொதல்ல கல்லாட்ட உக்காந்திருந்தா. இப்பப் பாரு, பூச்சி புடிச்சு வெளையாடறா" என்பார் அத்தை. குரலில் அவ்வளவு நிம்மதி.

இப்போது நினைத்தால் அத்தையைக் குற்றம் சொல்ல முடியவில்லை. வெளியே இருந்து பார்த்தால் ஒரு பிள்ளை குந்தவைத்துப் பூச்சி பார்க்கிறது. உள்ளே தெளிந்ததா, இல்லை பார்ப்பதற்கு மனசு வேண்டாம், கண் மட்டும் இருந்தால் போதும் என்பதால் பார்க்கிறதா, யார் கண்டார்கள். எனக்கே தெரியாது. அம்மா முகத்தை அப்போது நினைத்துப் பார்க்க முயன்றால் சேலை வரும், வளையல் வரும், முகம் வராது. அதைப் பற்றியும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அப்பா மாதம் ஒருமுறை லீவு போட்டு வருவார். தேங்காய் எண்ணெய் வைத்துத் தலை வாரியிருப்பார், காதோரம் மட்டும் வெள்ளையாக இருக்கும். வர்க்கிப் பொட்டலம் கொண்டுவருவார். என் பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லா இருக்கறயா அம்மிணி?" என்பார். "இருக்கறேனுங்க." அதற்கு மேல் எங்கள் இருவருக்கும் பேச்சு வராது. கொட்டாங்குச்சியைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். "நல்லா இருக்குது" என்றார். அத்தை உள்ளே மாமாவிடம் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது: "பாவம், இவனுக்குப் புள்ளகிட்ட என்ன பேசறதுன்னே தெரியல. ஒத்த ஆம்பள, எப்படி வளப்பான்?"

வைகாசி முடிகிற சமயம் அப்பா மறுபடி வந்தார். இந்த முறை ஒரு பகல் தங்குவதற்கு அல்ல. இரவும் தங்குவதாக வந்தார். பள்ளிக்கூடம் திறக்கச் சில நாள்தான் இருந்தது. நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவது, யார் வீட்டில் இருப்பது என்று அதற்குள் முடிவாக வேண்டும். முன் நாள் ஒரு நல்ல மழை பெய்து, காடெல்லாம் ஈசல் இறகு உதிர்ந்து கிடந்தது. விளக்கு வைத்ததும் அப்பாவும் மாமாவும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அத்தை எனக்கு ஊட்டிக்கொண்டே பேசினார்.

"பள்ளிக்கூடந் தொறக்கப் போவுதுங்கக்கா" என்றார் அப்பா.

"ஆமா சாமி. நானும் அதைத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"எங்க லைன் ஊட்டுக்குப் பக்கத்துலயே இருக்குதுங்க. நடந்தே போயிரலாம்."

"இங்கயும் பக்கந்தான். வண்டிப் பாதையில நேராப் போனாச் சரி."

"ஆமாங்க, இங்கயும் பக்கந்தானுங்க."

"அங்க நீ வேலைக்குப் போயிட்டா புள்ள ஒத்தையில இருக்கோணுமே."

"பக்கத்து ஊட்டம்மா பாத்துக்கறேன்னு சொன்னாங்க."

"பாத்துக்குவாங்க, பாத்துக்குவாங்க. நல்ல சனம்."

மாமா சோற்றுக் கையை நிறுத்திவிட்டு இருவரையும் பார்த்தார். "ஏனுங்க, அக்காளும் தம்பியும் ஒரே பக்கமாப் பேசறீங்களா, எதிரெதிராப் பேசறீங்களா? எனக்கு ஒண்ணும் வெளங்கல."

"நீங்க உண்ணுங்க" என்றார் அத்தை. பிறகு அப்பாவிடம், "எதுக்கும் கோயில்ல ஆத்தாகிட்ட ஒரு பூக் கேட்டுப்போடலாம் சாமி. அவ சொல்லிப்போட்டா அப்பறம் பேச்சில்ல."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "ஆகட்டுங்கக்கா. அவ சொன்னாச் சரி."

இருவருக்கும் முகம் தெளிந்தது. வாய்விட்டு ஒருவரை ஒருவர் கேட்க வேண்டிய வேலை தீர்ந்தது. எங்கள் சனத்துக்கு அது பெரிய வேலை. "எனக்கு வேண்டும்" என்று சொல்வது எங்கள் பக்கம் கெட்ட வார்த்தை மாதிரி.

மறுநாள் காலையில் கொட்டாங்குச்சியைத் திறந்தேன். கரையான்கள் எல்லாம் செத்துச் சுருண்டிருந்தன. ராத்திரி மறுபடி பெய்த மழைத் தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும். வண்டு மட்டும் ஒரு மடிப்பின் மேல் உயிரோடு நின்றது. தலையைத் தூக்கித் தூக்கி இறக்கியது. ஊட்ட ஆளில்லை. போரடிப் புற்றை முன்பே மாமா முழுக்க எடுத்துவிட்டார். கோயிலில் பெரிய புற்று இருக்கிறது, அங்கே விட்டுவிடலாம் என்று வண்டைக் கொஞ்சம் ஈர மண்ணோடு சோத்தாங்கையில் வைத்து மூடிக்கொண்டேன்.

கோயில் என்றால் கோபுரம் எல்லாம் இல்லை. ஒரு வேப்பமரம், அதன் அடியில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு புற்று, மேலே தகரக் கூரை. புற்றுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, சேலை சுற்றியிருப்பார்கள். அதுதான் ஆத்தா. பின்பக்கம் மட்டும் மஞ்சள் படாமல் பச்சை மண்ணாக இருக்கும். மழைக்குப் பிறகு அங்கே கரையான்கள் புதுமண் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தன.

பூசாரி ஒரு செவ்வரளியையும் ஒரு வெள்ளரளியையும் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்தார். குலுக்கி, புற்றின் முன்னால் தட்டில் பக்கம் பக்கமாக வைத்தார்.

"வெள்ளை வந்தா உத்தரவு. செவப்பு வந்தா இல்லீங்க. தெரியுமில்ல?"

"தெரியுங்க" என்றார்கள் அக்காவும் தம்பியும் ஒட்டுக்கா.

"வாய் உட்டுச் சொல்ல வேண்டாமுங்க. அவளுக்குக் காது நல்லாக் கேக்கும். மனசுக்குள்ள கேட்டுக்குங்க, போதும்."

அத்தை கண்ணை மூடினார். அப்பாவும் மூடினார். அத்தையின் உதடு அசைந்தது. அப்பாவின் தொண்டை அசைந்தது. மாமா செருப்பைக் கழற்றிவிட்டு எட்ட நின்றார்.

"எடுக்கறதுக்கு ஒண்ணுந் தெரியாத புள்ள வேணும். இதா, இந்தக் கண்ணே எடுக்கட்டும்" என்றார் பூசாரி. "என்ன கேக்கறோம்னு புள்ளைக்குத் தெரியாதில்லீங்க?"

"அதுக்கென்னங்க தெரியும்" என்றார் அத்தை.

எனக்குத் தெரியும். நேற்றுச் சாப்பாட்டில் அவர்கள் நடுவில்தானே உட்கார்ந்திருந்தேன். வாயில் சோறு இருந்தால் காது கேட்காது என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

சோத்தாங்கையில் வண்டு இருந்தது. அதனால் பீச்சாங்கையை நீட்டி, அந்தப் பக்கம் இருந்த பொட்டலத்தை எடுத்தேன்.

"அட, பீச்சாங்கையில எடுக்கலாமா? வெச்சுரு கண்ணு, வெச்சுரு. சோத்தாங்கையில எடு."

எடுத்த இடத்திலேயே வைத்தேன். திரும்பி நின்று, யாருக்கும் தெரியாமல் வண்டை மண்ணோடு கை மாற்றினேன். அது என் உள்ளங்கையில் ஊர்வது தெரிந்தது. சோத்தாங்கையை நீட்டினேன். அந்தக் கைக்குப் பக்கத்தில் இருந்தது மற்றப் பொட்டலம். அதை எடுத்துக் கொடுத்தேன்.

பூசாரி பிரித்தார். வெள்ளை.

"ஆத்தா!" என்று அத்தை கத்தினார். அப்படியே மண்ணில் முட்டி போட்டு என்னைக் கட்டிக்கொண்டார். "குடுத்துட்டா, எங்கண்ண எங்கிட்டயே குடுத்துட்டா" என்று என் தலையிலும் கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். அத்தை அப்படி அழுது நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அவர் தோளுக்கு மேலே அப்பா தெரிந்தார். அவரும் என் பக்கமாக ஓரடி எடுத்து வைத்தார், முகமெல்லாம் சிரிப்பாக. பிறகு அத்தையைப் பார்த்தார். அந்த அடியிலேயே நின்றுவிட்டார். சிரிப்பு மட்டும் இறங்க நேரமாயிற்று.

எனக்கு இடது கையைப் பற்றித்தான் கவலை. அத்தை பிடி தளர்ந்ததும் நழுவிப் புற்றின் பின்பக்கம் போனேன். ஈரமண் ஓரத்தில் கையைத் திறந்தேன். வண்டு இறங்கியது. அங்கிருந்த கரையான் ஒன்று வந்து தொட்டுப் பார்த்தது. பின்னால் நகர்ந்தது. இன்னொன்று வந்தது, பெரிய தலைக்காரன், கொடுக்கை விரித்துக்கொண்டு. வண்டு வழக்கம் போலத் தலையைத் தூக்கி நின்றது.

"அம்மிணீ! துன்னூறு வெச்சுக்க வா கண்ணு!"

போனேன்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டிருந்தார். "அப்ப நான் கெளம்பறேனுங்கக்கா."

"என்ன அதுக்குள்ள? உண்டுபோட்டுப் போ சாமி."

"இருக்கட்டுங்க. பஸ்ஸு போயிரும்." என் தலையில் கை வைத்தார். அந்தக் கை எடையே இல்லாமல் இருந்தது. "வாரேன் அம்மிணி" என்றார். வண்டிப் பாதையில் நடந்து போனார். அத்தை என்னிடம், "பாத்தியா, ஒரு சொட்டுக் கண்ணீரு இல்ல. ஆம்பளைக மனசு அப்படித்தான்" என்றார். நானும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். நான் மட்டும் அழுதேனா என்ன?

அத்தை என்னை ஒரு குறையும் இல்லாமல் வளர்த்தார். அதைச் சொல்லாமல் விட்டால் என் நாக்கு அழுகிவிடும். அந்த வீட்டிலிருந்துதான் எனக்குக் கல்யாணம் ஆனது, அங்கேதான் என் முதல் பிரசவம். அப்பா மாதம் ஒருமுறை வர்க்கிப் பொட்டலத்தோடு வந்தார். வந்தால் அவருக்கு முதலில் செம்பில் தண்ணீர் கொடுத்து, பாய் விரித்து, நல்ல வட்டிலில் சோறு போடுவோம். பக்கத்துத் தோட்டத்துக்காரம்மா எதிர்பார்த்த சித்தி வரவே இல்லை. "ஏன் சாமி கட்டிக்கல?" என்று அத்தை கேட்டால், "ஆகட்டுங்கக்கா, பாத்துக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே அவருக்கு ரிட்டையர் ஆகிவிட்டது.

மாமா போனார். அத்தை போனார். அத்தை கடைசி மூச்சு வரைக்கும், "ஆத்தா குடுத்த புள்ளை" என்றுதான் என்னை அறிமுகப்படுத்தினார். வயதான காலத்தில் அப்பா என் வீட்டுக்கு வந்தார். நான் அப்போது கோயமுத்தூரில் இருந்தேன், தலை நரைத்துவிட்டது. ஒருநாள் அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டு ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். சிக்னலில் வண்டி நின்றது. ரோட்டு நடுவில் அரளிச் செடிகள், புகை குடித்துக்கொண்டு பூத்து நின்றன. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்கு எனக்கும் வெள்ளைதான் அம்மிணி வந்துச்சு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "என்னங்கப்பா?"

"பூக் கேட்டமல்ல. புள்ளைய நாங் கூட்டிக்கிட்டுப் போறேன், உத்தரவு குடு ஆத்தான்னு கேட்டேன். வெள்ளை வந்துச்சு. பள்ளிக்கூடத்துல எடம் சொல்லி வெச்சிருந்தேன். அக்கா வேற மாதிரிக் கேட்டிருப்பாள்னு அவ கத்துன பின்னாலதான் தெரிஞ்சுது."

"அப்பவே சொல்லியிருக்கலாமேங்கப்பா."

"எப்படிச் சொல்லறது? அவ நெம்ப சந்தோசமா இருந்தா."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். பச்சை விழவில்லை, சும்மா அடித்தார்கள். ஆட்டோக்காரர் வெளியே தலையை நீட்டி, "பறக்கோணும்னா ஏரோப்ளேன்ல போங்க சார்" என்று பின்னால் பார்த்துச் சொன்னார்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பீச்சாங்கையில் முதலில் எடுத்தது சிவப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும். அதுவே நின்றிருந்தால் ஆத்தா இரண்டு பேருக்கும் இல்லை என்று சொல்லியிருப்பாள். அத்தை கத்தியிருக்க மாட்டார். அப்பா துண்டை உதறியிருக்க மாட்டார். வேறு வழியில்லாமல் அக்காவும் தம்பியும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, யாருக்கு என்ன வேண்டும் என்று வாய்விட்டுப் பேசியிருப்பார்கள். அப்படிப் பேசி யார் வீட்டுக்கு நான் போயிருந்தாலும் சரிதான். இதை நினைத்தபோது எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அப்பாவின் மருந்துப் பை மடியிலிருந்து சரிந்தது, எடுத்து வைத்தேன்.

"நீ என்ன அம்மிணி நெனச்சு எடுத்த?" என்றார் அப்பா.

அத்தனை வருஷத்தில் என்னை ஒருவர் அதைக் கேட்டது அன்றைக்குத்தான். நன்றாக யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது என்று தோன்றியது.

"கையில ஒரு வண்டு வெச்சிருந்தேனுங்கப்பா. அது நசுங்கிறக் கூடாதுன்னு நெனச்சேன்."

அப்பா சிரிக்கவில்லை. தலையாட்டினார். வண்டி நகர்ந்து கொஞ்ச தூரம் போன பிறகு, "அது பொழச்சுக்குச்சா?" என்று கேட்டார்.

"தெரியலீங்கப்பா. கூப்பிட்டாங்கன்னு வந்துட்டேன்."